அன்னார் ஆவணத்தில் இல்லை

துஷாந்தனின் தாயார் பத்மாவதி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இலந்தைக்கேணியில் காலமானார். அன்று பின்னேரமே தகனம் முடிந்துவிட்டது. இருந்தும், அகில வளைகுடா இலந்தைக்கேணி மக்கள் நலன்புரி ஒன்றியம் அவர் இறந்ததை ஏற்றுக்கொள்ளவில்லை.

துஷாந்தன் துபாயில் ஒரு கட்டட நிறுவனத்தில் கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்கும் வேலை செய்கிறவன். அந்த வாரம் பார்த்து அவனுடைய விசா பழைய கம்பெனியிலிருந்து புதிய கம்பெனிக்கு மாறிக்கொண்டிருந்தது. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரமுடியாது என்று கம்பெனியின் விசாக்காரர் கையை விரித்துவிட்டார். ஆகவே, தாயின் செத்தவீட்டை அவன் துபாயின் கிசைஸ் பகுதியிலிருந்த தன் அறையில், கட்டிலில் இருந்தபடி கைபேசியில்தான் பார்த்தான். படம் இடையிடையே உறைந்து நின்றது. கொள்ளி வைக்கிற நேரத்தில் ஊரில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் பெருவிரல் கமராவை மறைத்துவிட்டது. அவன் விம்மி விம்மி அழுதது அந்தப் பெருவிரலைப் பார்த்துத்தான்.

அடுத்த நாள் அப்பா போன் எடுத்தார். வைரவன் அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல.

"தம்பி, கொம்மாவைப் பேப்பரில போடு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் வந்தால் நல்லம். வந்தவுடன நீதான் எனக்கு வாசிச்சுக் காட்டவேணும்."

அப்பாவுக்கு எழுத்து வாசிக்க வராது. கலியாணம் கட்டிய நாள் முதல் அம்மாதான் காலைத் தேத்தண்ணியோடு அவருக்குப் பேப்பர் வாசிப்பார். பேப்பர் என்றால் மரண அறிவித்தல் பக்கம். அரசாங்கம் கவிழ்ந்தாலும் சரி, புயல் வந்தாலும் சரி, அவர்களுக்கு முதலில் ஆர் செத்தது என்று தெரியவேண்டும். அம்மா இராகம் போட்டு வாசிக்க, அப்பா 'ம்' கொட்டுவார். ஊரிலுள்ள அத்தனை பெரிய வீடுகளிலும் நெல்லுக் குற்றி, பாத்திரம் கழுவி, செத்தவீடுகளில் அடுப்படியில் நின்று வெந்த அம்மா, அந்த வீட்டுக்காரர்களின் பெயர்களையெல்லாம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி வழியனுப்பினார். இப்போது அவருடைய பெயரை ஒருவர் வாசிக்கவேண்டும். அப்பா கேட்டது அவ்வளவுதான்.

பேப்பரில் ஓர் அறிவித்தல் போடுவது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பீர்கள். இலந்தைக்கேணிக்காரருக்குப் பெரிய காரியம்தான். சில வருடங்களுக்கு முன்னர், கட்டாரில் வேலை செய்த மருமகன் ஒருவர் லீவு கிடைப்பதற்காக ஊரில் உயிரோடிருந்த மாமனாருக்கு அறிவித்தல் போட்டுவிட்டார். மாமனார் வாசிகசாலையில் இருந்து அதைத் தானே வாசித்தார். இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்பது அவருடைய மனக்குறை. அதற்குப் பிறகு, வளைகுடாவில் பிள்ளை உள்ள எந்த இலந்தைக்கேணி மரணமும் ஒன்றியத்தின் உறுதிக் கடிதத்தோடுதான் வரவேண்டும் என்று பத்திரிகையோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

ஒன்றியம் பிறந்ததே மரண அறிவித்தலால்தான். எங்கள் அறிவித்தல்களில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு வரும். கனடா வரும், லண்டன் வரும், நோர்வேகூட வரும். துபாய், குவைத் என்றால் விட்டுவிடுவார்கள். எப்படியும் திரும்பி வருகிற ஆட்கள்தானே! இந்த அவமானத்தைத் துடைக்க எழுந்த ஒன்றியம், பெரும் போராட்டத்தின் பின் அடைப்புக்குறியை வென்றெடுத்தது. வென்ற பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகவே, மரணங்களைச் சரிபார்க்கத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, துபாயின் கராமாப் பகுதியில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் கூட்டம். துஷாந்தன் தாயின் இறப்புச் சான்றிதழைக் கைபேசியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தான். தலைவர் சிவகுருநாதன் எழுந்தார். பெரிய கம்பெனி ஒன்றின் கணக்குப் பகுதித் தலைவர். அந்த வெயிலிலும் கோட் போட்டு வந்திருந்தார். எல்லோரையும் மௌன அஞ்சலிக்கு எழும்பச் சொன்னவர், துஷாந்தனைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"தம்பி, ஒரு விசயம். இந்த அஞ்சலி சரிபார்த்து முடிஞ்ச மரணங்களுக்கு மட்டும்தான். உங்கட அம்மான்ர விசயம் இன்னும் உபகுழுவில இருக்கு. நீங்கள் எழும்பி நிக்கலாம், அதில பிரச்சினை இல்லை. ஆனா அம்மாவை நினைக்கிறதைத் தவிர்த்தால் நல்லம். பிறகு அது ஒரு முன்னுதாரணமாப் போயிடும்."

துஷாந்தன் எழுந்து நின்று, யாரென்றே தெரியாத ஓர் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்தான். இடையில் அம்மாவின் முகம் வந்தது. வராதது போல நின்றான்.

அஞ்சலி முடிந்து, வடை முடிந்து, மரண அறிவித்தல் சரிபார்ப்பு உபகுழு ஒரு மூலை மேசைக்கு வந்தது. உபகுழு என்றால் தலைவரும் சாருஜனும். சாருஜன் கணினித்துறையில் வேலை செய்கிற இளைஞன். மெத்தப் பணிவானவன். ஊரில் வாசிகசாலைப் பரணிலும் பெரிய வீடுகளின் பெட்டகங்களிலும் கிடந்த பழைய பத்திரிகைகளையெல்லாம் தேடி, இலந்தைக்கேணியின் மரண அறிவித்தல்கள் முழுவதையும் கணினியில் ஏற்றிவைத்திருந்தான். செல்லரித்த மூலைகளைக்கூட விடவில்லை.

"பாருங்கோ அண்ணை," என்று திரையைத் திருப்பினான்.

துஷாந்தன் பார்த்தான். மலாயாவில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர்கள் இறந்திருந்தார்கள். உடையார்கள் இறந்திருந்தார்கள். தலைமையாசிரியர்கள் தலைமையாசிரியர்களின் தங்கைகளைக் கட்டி, தலைமையாசிரியர்களைப் பெற்று, இறந்திருந்தார்கள். எல்லோரும் அன்பும் பண்பும் அடக்கமும் உருவானவர்கள். ஒருவராவது வேலிச் சண்டைக்குப் போனதாகக் குறிப்பு இல்லை. இவ்வளவு காலமும் ஊரில் ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டும் மாறி மாறி இறந்துகொண்டிருந்ததாகத் தெரிந்தது.

"இது வெறும் பேப்பர்த் துண்டில்லைத் தம்பி," என்றார் சிவகுருநாதன். "எங்கட ஊரே இதுக்குள்ளதான் இருக்கு. விதி மெத்தச் சுலபம். ஒரு அறிவித்தலில உறவினரா வந்த ஆள்தான் இன்னொரு அறிவித்தலில இறக்கலாம். மகளா வந்திருக்கவேணும், இல்லாட்டி மருமகளா, சகோதரியா, பேத்தியா. ஏதோ ஒண்டா வந்திருந்தால் காணும்."

சாருஜன் பத்மாவதி என்று தட்டினான். ஒருவர் வந்தார். சிவகுருநாதனின் பெரியம்மா.

"உங்கட அம்மா ஆவணத்தில மாஃபி, இல்லை," என்றான் சாருஜன், உண்மையான வருத்தத்தோடு.

"ஐயா, எங்கட ஆக்கள் ஒருத்தரும் பேப்பரில போட்டதில்லை," என்றான் துஷாந்தன். "அந்தக் காலத்தில எங்கட ஆக்கள் கொண்டுபோனால் எடுக்கவும் மாட்டினம் எண்டு அப்பா சொல்லுவார்."

"அது அந்தக் காலம். இப்ப நாங்கள் அப்பிடியில்லை. ஒன்றியத்தில சாதி எண்ட கதைக்கே இடமில்லை. யாப்பு விதிகளில எழுதியே வைச்சிருக்கு." சிவகுருநாதன் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் கேணிக்கு அங்காலப் பக்கமெல்லோ? அந்தப் பக்கத்தில பத்மாவதி எண்டு பேர் வைக்கிற வழக்கம் இருந்ததில்லை. அதுதான் சந்தேகமா இருக்கு. எங்களிட்டச் சாதி இல்லைத் தம்பி. பக்கம் மட்டும்தான் இருக்கு."

"அம்மாவை உங்களுக்குத் தெரியுமே ஐயா. உங்கட வீட்டிலதானே கனகாலம் வேலை செய்தவ."

"தெரியாமல் என்ன! எங்களை வளர்த்ததே அவதானே. என்ன அருமையான மனிசி! அவவின்ர மீன்குழம்பு இப்பவும் நாக்கில நிக்குது. எங்கட வீட்டில எல்லாரும் 'இஞ்சேர்' எண்டுதான் கூப்பிடுவம். அவவுக்கு ஒரு பேர் இருந்ததெண்டதே எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்." தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்தார். "எங்கட குடும்பத்தில ஒரு ஆள் மாதிரி."

துஷாந்தனுக்கு நம்பிக்கை வந்தது. "அப்ப ஐயா, உங்கட குடும்பத்தில யாராவது உறவெண்டு ஒரு கையெழுத்து வைச்சால்…"

கைக்குட்டை கோட்டுப் பைக்குள் திரும்பிப் போய்விட்டது.

"மாதிரி எண்டுதானே தம்பி சொன்னனான்."

அறைக்கு வந்தபோது, அவனோடு தங்கியிருக்கும் கிரேன் ஓட்டுநர் வீரபாண்டி சோறு வடித்துக்கொண்டிருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏப்பா, ஒனக்கு அவங்க என்ன தர்றாய்ங்க?"

"கடிதம் அண்ணை."

"ஒங்க அம்மா செத்ததுக்கு?"

"ஓம்."

"ஒங்க அம்மா செத்தது ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எங்க ஊர்ல செத்தா, பொணத்தக் குளிப்பாட்டி முடிக்கிறதுக்குள்ள முக்குல பேனர் கட்டிருவாய்ங்க. எவனும் தாத்தன் பேர் கேக்க மாட்டான்." வீரபாண்டி கொஞ்சம் யோசித்தார். "என்ன, பேனர்ல செத்தவரு படம் எதுன்னு தேடணும். அது வேற சங்கதி."

அன்று இரவு அப்பா போன் எடுத்து, "வந்திட்டுதோ?" என்று கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது, பேப்பர்க்காரப் பெடியனிடம் தினமும் ஒரு பேப்பர் போடச் சொல்லியிருப்பதாகவும், வாசிக்க ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் மடித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். துஷாந்தன், "வரும் அப்பா, நிறைய ஆக்கள் வரிசையில நிக்கினம்," என்றான். ஊரில் இவ்வளவு பேர் சாகிறார்களா என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

இரண்டாவது கூட்டத்தில் சாருஜன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். நல்ல பிள்ளை, இரவிரவாக யோசித்திருக்கிறான்.

"அண்ணை, உங்கட அம்மப்பா கதிரனை முதலில சாகடிப்பம்."

"அவர் நான் பிறக்க முதலே செத்துப்போனார் தம்பி."

"அது ஊரில. ஆவணத்தில அவர் இன்னும் சாகேல்லை. அவருக்கு ஒரு பிந்திய அறிவித்தல் போட்டு, அதில அம்மாவை மகளெண்டு காட்டினால், அம்மா ஆவணத்துக்குள்ள வந்திடுவா. வந்தவுடன அவவும் இறக்கலாம். ஹலாஸ், முடிஞ்சுது."

சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஆனா கதிரன் ஆருடைய அறிவித்தலில மகனா வந்தவர்?"

சாருஜன் இதை எதிர்பார்க்கவில்லை. கதிரன் இறப்பதற்குக் கதிரனின் தகப்பன் இறந்திருக்கவேண்டும். தகப்பன் இறப்பதற்குப் பாட்டன் இறந்திருக்கவேண்டும். இருவரும் ஒரு தாளில் கோடு கீறிக்கொண்டு மேலே மேலே போனார்கள். துஷாந்தன் தனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னான். அப்பாவுக்குப் போன் எடுத்து இன்னும் இரண்டு பெயர் வாங்கிக் கொடுத்தான். பேப்பருக்குத்தான் கேட்கிறார்கள் என்றதும் அப்பா உற்சாகமாகத் தன் பக்கத்து முப்பாட்டனையும் சேர்த்துச் சொன்னார். கடைசியில் கோடு, ஊரில் பத்திரிகையே இல்லாத ஒரு காலத்துக்குப் போய் நின்றது. அங்கே செத்தவரை எந்தப் பேப்பரில் போடுவது?

"இதைப் பொதுச்சபைக்குத்தான் கொண்டுபோகவேணும்," என்றார் தலைவர். "முன்பின் ஆவணம் இல்லாமல் ஒருவரை இறந்தவராக ஏற்கிறது. இதை நாங்கள் ஆதி மரணம் எண்டு சொல்லலாம். ஒன்றியத்தின்ர சரித்திரத்தில இது முதல் தடவை. நீங்கள் பெருமைப்படவேணும் தம்பி."

விசேட பொதுக்கூட்டம் கூடியது. ஷார்ஜாவிலிருந்து வந்தார்கள், அபுதாபியிலிருந்து வந்தார்கள். யான்புவிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் காணொளியில் தலைகாட்டினார்கள். ஆதி மரணம் பற்றி வெகுநேரம் விவாதித்தார்கள். மகளிர் அணித் தலைவி தக்ஷாயினி, ஆதி மரணமடைகிறவர் ஆணா பெண்ணா என்பதில் சமத்துவம் பேணப்படவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். இறந்தவரின் பெயரைக் கேட்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிறகு சிவகுருநாதன் எழுந்தார்.

"அன்பான உறவுகளே, இந்தத் தம்பியின்ர துயரத்தில நானும் பங்குகொள்ளுறன். அந்த அம்மான்ர கையால சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனா தலைவராச் சிந்திக்கவேணும். இண்டைக்கு ஒரு ஆதி மரணத்தை நாங்கள் ஏற்றால், நாளைக்கு என்ன நடக்கும்? அந்தப் பக்கத்தில ஒவ்வொரு வீட்டிலயும் ஆக்கள் இருக்கினம். இவ்வளவு காலமும் ஒரு சத்தமில்லாமல் செத்தவை. எல்லாரும் வந்து பேப்பரில செத்தால் எங்கட ஆக்கள் சாகிறதுக்கு எங்கயப்பா இடம்? எங்கட அப்பு இறந்தபோது அரைப் பக்கம் வந்தது. அந்த அரைப் பக்கத்துக்குப் பக்கத்தில ஆர் வாறதெண்டு பாக்கவேண்டாமோ? ஆராவது தப்பா விளங்கவேண்டாம். இது பாகுபாடில்லை. பக்க அமைப்பு."

பலத்த கரகோஷம். காணொளியில் மஸ்கட் உறைந்து நின்றது.

துஷாந்தன் பேச அனுமதி கேட்டான். அவனுக்கு மேடைப் பேச்சு வராது. "அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்," என்று மட்டும் சொன்னான். "அவருக்கு வாசிச்சுக் காட்ட வேணும். பெரிசாப் போடவேண்டாம். அம்மான்ர பேர் மட்டும் வந்தால் காணும்."

மண்டபத்தில் ஒரு நெகிழ்ச்சி பரவியது. பெண்கள் சிலர் அழுதார்கள். அந்த நெகிழ்ச்சி ஆறுவதற்குள் இணக்கத் தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. ஒன்றியமே தன் சார்பில் ஓர் அறிவித்தல் போடும். சரிபார்ப்பு முடியாததால் இறந்தவரின் பெயர் வரமுடியாது. பெயர் இல்லாதவருக்குப் படம் போடுவது முறையல்ல. படமே இல்லாமல் ஓர் அறிவித்தல் வந்தால் அது ஒன்றியத்தின் கௌரவத்துக்கு இழுக்கு. ஆகவே தலைவரின் படத்தைப் போடுவது. சிவகுருநாதன் முதலில் மறுத்தார். பிறகு, மறுத்ததையும் கூட்ட அறிக்கையில் எழுதும்படி கேட்டுக்கொண்டு சம்மதித்தார்.

கூட்டம் கலையும்போது அவர் துஷாந்தனின் தோளில் கை போட்டார். "சந்தோசம்தானே தம்பி?"

அந்தியேட்டிக்கு முதல் நாள் அறிவித்தல் வந்தது. துஷாந்தன் டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில், கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். நடுவில், கோட்டும் கண்ணாடியுமாகச் சிவகுருநாதன். பத்திரிகையில் பக்கம் அமைக்கிறவர் வழக்கப்படி படத்துக்குக் கறுப்புக் கரையிட்டு, இரு புறமும் குத்துவிளக்கு ஏற்றிவைத்திருந்தார். கீழே இப்படி இருந்தது:

"எமது உறுப்பினர் ஒருவரின் தாயார் என அறியக்கிடக்கும் ஒருவர் காலமானதாகக் கிடைத்த தகவலையிட்டு ஆழ்ந்த அனுதாபங்கள். தலைவர் திரு. சிவகுருநாதன். ஆக்கமும் வழிகாட்டலும்: திரு. சிவகுருநாதன். தகவல்: சிவகுருநாதன், துபாய். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்வது அவரவர் பொறுப்பாகும்."

அவன் மேலிருந்து கீழாக வாசித்தான். கீழிருந்து மேலாகவும் வாசித்தான். அம்மா எங்கேயும் இல்லை. திரையை விரலால் மறுபடி மறுபடி தேய்த்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெங்காலி, "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுவதற்குள் போன் அடித்தது. அப்பா.

"தம்பி, வந்திட்டுதாம். பேப்பர்க்காரப் பெடியன் சொன்னவன், இலந்தைக்கேணி எண்டு போட்டிருக்காம். நான் அவனை வாசிக்க விடேல்ல. பேப்பர் என்ர மடியில கிடக்கு. நீ வாசி."

பஸ் சிக்னலில் நின்றது. துஷாந்தன் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஓம் அப்பா, வந்திருக்கு," என்றான். பிறகு, அம்மா வாசிக்கிற அதே இராகத்தில் தொடங்கினான்.

"இலந்தைக்கேணியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி வைரவன் பத்மாவதி அவர்கள் காலமானார்."

"ம்."

"அன்னார், காலஞ்சென்ற கதிரனின் அன்பு மகளும், வைரவனின் பாசமிகு மனைவியும்…"

மறுமுனையில் 'ம்' வரவில்லை. துஷாந்தன் பொறுத்தான். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ம்," என்றார் அப்பா.

"துஷாந்தனின், அடைப்புக்குறிக்குள்ள துபாய், அன்புத் தாயாரும் ஆவார். அன்னார், இந்த ஊரில பசியோட வந்த ஒருத்தரையும் வெறும் வயித்தோட அனுப்பாதவர். வேலைக்குப் போன எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் தன்ர பிள்ளை எண்டு வளர்த்தவர். எழுத வாசிக்கத் தெரிஞ்சவர். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

"எழுத வாசிக்கத் தெரிஞ்சவர் எண்டும் போட்டிருக்கினமோ?"

"போட்டிருக்கினம் அப்பா."

"திருப்பி ஒருக்கா வாசி."

அவன் திருப்பி வாசித்தான். ஒரு சொல் மாறவில்லை. அப்பா எல்லா இடத்திலும் சரியாக 'ம்' கொட்டினார். பஸ் மறுபடி ஓடத் தொடங்கியது. பேப்பரைப் புரட்டும் சரசரப்புக் கேட்டது.

"தம்பி, இந்தப் பக்கத்தில நடுவில ஒரு பெரிய படம் கிடக்கு. கோட்டுப் போட்டு, விளக்கெல்லாம் வைச்சு. எங்கட சிவகுருநாதன் ஐயா மாதிரிக் கிடக்கு."

துஷாந்தன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். "அவர்தான் அப்பா."

"ஐயோ! கொம்மா தூக்கி வளர்த்த பிள்ளையெல்லோ! இருந்திருந்தால் நெஞ்சிலடிச்சு அழுதிருப்பாள். என்ன போட்டிருக்கினம்? வாசி பாப்பம்."

"பெரிசா ஒண்டும் இல்லை அப்பா. அவற்ற பேர் மட்டும்தான் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கு."

"ஆற்றை மகன், ஆற்றை புருசன், ஆற்றை தேப்பன் எண்டு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அப்பா."

அப்பா பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. "பாவம்," என்றார் கடைசியில். "சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்லைப் போல."